உப்புப் பனியில் வந்த கடிதம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மேஜை மேல் இருக்கிற ரை ரொட்டியின் மீது கை வைத்துச் சொல்கிறேன். அது போதாது என்பவர்களுக்காக, என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு எஃகுப் பற்களின் மீதும் ஆணை. ஒரு சொல் பொய்யானாலும் நாளை முதல் கஞ்சி மட்டுமே குடித்துச் சாகத் தயார். சந்தேகம் இருந்தால் லாப்தெவோ ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அவர்களும் இதையேதான் சொல்வார்கள். கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலை மாதம். நூற்பாலைக்குப் பின்னால் இருந்த இரண்டு மாடி மரவீட்டில், மேல்மாடியில், இரண்டு பெண்கள் ஒரே சமையலறையில் பதினான்கு வருஷமாக ஒருவரை ஒருவர் கொல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தய்சியா, முப்பத்தைந்து வயது, ஆலையில் நூல் சுற்றுகிறவள். இன்னொருத்தி அக்ரஃபேனா லூகினிச்னா. தய்சியா கல்யாணம் செய்துகொள்ள இருந்து, செய்துகொள்ளாமல் போன ஸவேலியின் அம்மா.

சமையலறைக் கூரையிலிருந்து இரண்டு பல்புகள் தொங்கின. ஆளுக்கொரு பல்பு, ஆளுக்கொரு சுவிட்ச். தய்சியாவின் பல்பு எரியும்போது அக்ரஃபேனா கண்ணை மூடிக்கொண்டுதான் உருளைக்கிழங்கு சீவுவாள். துரோகியின் வெளிச்சம் அவள் கண்ணில் படக் கூடாதாம். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் கண்மூடிச் சீவிய தோல், கண்திறந்து சீவியதைவிட மெல்லியதாக வந்தது. அதைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்துத் தெரியும். தய்சியாவின் கணவன் பொர்ஃபீரி அப்படி ஒரு தலையங்கம் முழுக்கப் படித்திருக்கிறான்.

தய்சியாவோடு அக்ரஃபேனா நேராகப் பேச மாட்டாள். கெட்டிலோடு பேசுவாள்.

“கேட்டியா கெட்டில், சில பேரு வெங்காயம் வதக்கறாங்க. புருஷனுக்காம். மண்ணுக்குள்ள கிடக்கிறவனுக்கு யாரு வதக்கறது?”

“உங்க கெட்டில் கொதிச்சு வழியுது, அக்ரஃபேனா லூகினிச்னா,” என்பாள் தய்சியா.

“வழியட்டும். அதுக்காவது மனசு கொதிக்குது.”

நடந்தது இதுதான். நாற்பத்தொன்றாம் வருஷம் ஸவேலி போருக்குப் போனான். திரும்பி வந்ததும் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பேச்சு. தய்சியாவுக்குப் பத்தொன்பது வயது. அடுத்த பிப்ரவரி வரை வாரத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆகஸ்டில், அவன் போரில் இறந்தான் என்று படையிலிருந்து அக்ரஃபேனாவுக்குச் சாவுச் சீட்டு வந்தது. தய்சியா அடுத்த வருஷம் நவம்பர் வரை கறுப்புத் தலைத்துணி கட்டிக்கொண்டு திரிந்தாள். பிறகு பொர்ஃபீரியைக் கட்டிக்கொண்டாள். அவன் அடுப்புக் கட்டுகிறவன். அவனுடைய ஒரு கண் ஊரைப் பார்க்கும், இன்னொன்று ஆற்றைப் பார்க்கும். எதிரி எந்தப் பக்கம் என்று அவனுக்கே தெரியாமல் போய்விடும் என்பதால் படையில் எடுக்கவில்லை.

அந்தக் கல்யாணத்தை ஊர் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியும் படைநாள் கூட்டத்துக்கு அக்ரஃபேனாவைப் பள்ளிக்கூடத்தில் அழைப்பார்கள். அவள் மகனின் புகைப்படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவன் எப்படிப்பட்ட பிள்ளை, அவனுக்கு வாய்த்தவள் எப்படிப்பட்டவள் என்று சொல்லி முடிப்பாள். “அவ எங்க வீட்லதான் இருக்கா, பசங்களா. வாசல் மணி ஒரு தடவ அடிச்சா எனக்கு. ரெண்டு தடவ அடிச்சா அவளுக்கு.” அன்று மாலை முழுக்க மணி இரண்டிரண்டாக அடிக்கும். கதவைத் திறந்தால் படியில் ஆள் இருக்காது, சிரிப்பு மட்டும் இருக்கும். ரொட்டிக் கடை வரிசையில் தய்சியாவுக்கு முன்னால் நிற்கிறவர்கள் சில நேரம் இடத்தைக் கடைசி வரை விட மாட்டார்கள், ரொட்டி வாங்கிய பிறகும்.

இதையெல்லாம் தய்சியா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். சண்டை முற்றும்போது அக்ரஃபேனா கெட்டிலை விட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்துச் சொல்வாள்:

“எழுதினான்டி. உனக்குக் கடைசியா ஒண்ணு எழுதினான். எங்கிட்டதான் இருக்கு. என் சவப்பெட்டிக்குள்ள என்கூட வரும். உன் கண்ணுல காட்ட மாட்டேன்.”

ஒருநாள் அது நிஜம் என்று தோன்றும், மறுநாள் கிழவியின் பொய் என்று தோன்றும். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டு வரை அந்த ஆறு மாதம் அவன் தன்னைப் பற்றி என்ன நினைத்தான், நினைத்தானா இல்லையா, இந்த ஒன்று மட்டும் தெரிந்தால் போதும், மீதியை ஊர் தன் விருப்பப்படி பேசட்டும் என்று இருந்தாள் தய்சியா. வருஷத்துக்கு ஒருமுறை, அவனுடைய பிறந்தநாளன்று, கேட்பாள்: “ஒரு தடவ காட்டுங்க. படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்.” அக்ரஃபேனா தன் பல்பை அணைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் தலைநகரத்திலிருந்து படக்குழு வந்து இறங்கியது.

போரில் பிரிந்த ஒரு பையனையும் பெண்ணையும் பற்றிய படம். அதில் ஒரு காட்சிக்கு எங்கள் ரயில் நிலையம் பொருத்தமாக இருந்ததாம். குளிர்காலம், அஞ்சல் ரயில் வந்து நிற்கிறது, தபால்காரி பையைத் திறந்து கடிதங்களைக் கொடுக்கிறாள், மேடையில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் கடிதம் வருகிறது, கதாநாயகிக்கு மட்டும் வரவில்லை. இவ்வளவுதான் காட்சி. இயக்குநர் வலேரியான் அர்க்காதிச் மெலிந்த மனிதர், கழுத்தில் கட்டம் போட்ட துணி, எதைப் பேசினாலும் யாரையோ கைது செய்யச் சொல்வது போலப் பேசுவார். ஜூலையில் வந்து பனி கேட்டவர் அவர்தான்.

பனிக்கு இரண்டு வண்டி உப்பும் ஒரு வண்டி சுண்ணாம்புத் தூளும் வந்தன. மேடை, கூரை, தண்டவாளம் எல்லாவற்றிலும் கொட்டி விளக்குமாறால் பரப்பினார்கள். ஊர்ப் பெண்கள் நூற்றிருபது பேர் போர்க்காலத்துக் கம்பளிக் கோட்டும் கம்பளி பூட்ஸும் மாட்டிக்கொண்டு வரச் சொல்லி உத்தரவு. வெயில் எப்படி என்றால், கோட்டுப் பையில் கிடந்த சூரியகாந்தி விதைகள் பையிலேயே வறுபட்டன. உப்பு வேறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. படக்குழு கிளம்பும் வரை ஊர் முழுக்கக் கொறித்தது.

தபால்காரியாக நடிக்க ஒரு நடிகையை அழைத்து வந்திருந்தார்கள். அவள் முதல் நாளே வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். எங்கள் தபால்காரி எவ்லாம்ப்பியாவையே அந்த இடத்தில் போட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அதே பை, அதே தோள். ஒருவருடைய கடிதத்தை இன்னொருவர் கையில் வாழ்நாளில் கொடுத்ததில்லை என்பது அவள் பெருமை. ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையைப் பற்றி அவள் பேச மாட்டாள். யாராவது கேட்டால் அவர்களுக்கு அந்த வாரத் தபால் தாமதமாக வரும்.

ஒத்திகை பழைய செய்தித்தாளை முக்கோணமாக மடித்து வைத்து நடந்தது. ஆனால் படம் பிடிக்கும்போது நிஜமான போர்முனைக் கடிதங்கள் வேண்டும் என்றார் இயக்குநர். உறையும் பசையும் இல்லாத காலத்தில் காகிதத்தை முக்கோணமாக மடித்து, மேலே பெயரை எழுதி அனுப்புவார்கள். ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருந்தன. கொடுப்பவர்களுக்குக் காமிராவுக்கு முன் முதல் வரிசையில் இடம் என்று அறிவித்தார்கள்.

முதல் வரிசை என்று கேட்டதும் அக்ரஃபேனா அறையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து வந்து சமையலறை மேஜையில் கவிழ்த்தாள். தய்சியா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருபதுக்கும் மேற்பட்ட முக்கோணங்கள். கிழவி ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, திரும்ப டின்னில் வைத்தாள்.

“கெட்டில், இதெல்லாம் எம்புள்ள எனக்கு எழுதினது. இதுமேல சினிமாக்காரன் விரல் படக் கூடாது.” கடைசியாக ஒன்று மேஜையில் மிஞ்சியது. அதைப் பெயர் தெரியாமல் கவிழ்த்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். “இது ஒண்ணு இருக்கு. வேண்டாதது. எரிக்கவும் கை வரல. நாய் மோந்து பாத்தாலும் சரி, இத குடுத்துடறேன்.”

தய்சியாவின் கத்தி நின்றது. கேட்கலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அக்ரஃபேனா அதைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். படக்குழுவில் சாமான்களுக்குப் பொறுப்பானவர் அதை வாங்கி மற்றக் கடிதங்களோடு ஒரு பெட்டிக்குள் போட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? சினிமாவில் எதையும் நிஜமாகச் செய்ய மாட்டார்கள் என்று அக்ரஃபேனாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பிவிட்டாள்.

படப்பிடிப்பன்று காலை இயக்குநர் வரிசையைச் சுற்றி வந்தார். முதல் வரிசையில் அக்ரஃபேனா, நெஞ்சில் மகனின் பதக்கம். கடைசி வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஊர்ப் பெண்கள் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டதால் தனியாகத் தெரிந்தாள் தய்சியா. இயக்குநர் அவள் முகத்தையே பார்த்தார்.

“நீங்க. முன்னால வாங்க.”

“எங்கிட்ட கடிதம் ஏதும் இல்ல, தோழர்.”

“அதான் வேணும். மூஞ்சியிலயே தெரியுது. கதாநாயகி பக்கத்துல நில்லுங்க. உங்களுக்கும் கடிதம் வராது. ஒண்ணும் செய்ய வேண்டாம். இப்ப இருக்கிற மாதிரியே இருங்க.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நல்ல முணுமுணுப்பு இல்லை.

“அவளையா?” என்றாள் அக்ரஃபேனா. “காத்திருக்கிற பொண்ணா நடிக்க அவளையா? ஊர்ல வேற ஆளே இல்லையா? ஆட்டைக் கொண்டாந்து நிறுத்துங்க, அதாவது கட்டின இடத்துல நிக்கும்.”

ஆடு என்ற சொல் வாயிலிருந்து விழ வேண்டியதுதான் பாக்கி. ஊர் மந்தை மேய்ச்சலுக்குப் போகும் நேரம். பதினேழு மாடுகளும் ஆடுகளும் உப்பு வாசனை பிடித்து நிலையத்துக்குள் புகுந்தன. ரயில் வளைவில் கூவிக்கொண்டு வந்தபோது மேடையில் பெண்களுக்கு நடுவே மாடுகள் குனிந்து நின்று பனியை நக்கிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் நாற்பத்தொன்றாம் வருஷத்துக் குளிர்காலத்தை ஒரு பொட்டு விடாமல் தின்று தீர்த்துவிட்டன. அன்று மாலை முதல் மூன்று நாள் கறந்த பாலில் எடுத்த வெண்ணெய்க்கு உப்புப் போட வேண்டியிருக்கவில்லை என்று வெண்ணெய் எடுக்கிறவர்கள் சொன்னார்கள்.

ரயிலைப் பின்னால் தள்ளினார்கள். மறுபடி உப்புப் பரப்பினார்கள். இரண்டாம் முறை ரயில் சரியாக வந்து நின்றது. கதாநாயகி கண்ணைத் துடைத்தாள். அதே நேரம் அக்ரஃபேனா திரும்பித் தய்சியாவின் காலடியில் துப்பினாள். காமிரா அதை அழகாகப் பிடித்தது.

“தாய்மார்களே,” என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். “நாற்பத்தொன்றில் மக்கள் ஒற்றுமையா இருந்தாங்க. யாரும் யார் மேலயும் துப்பலை.”

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க?” என்று ஒரு குரல் கேட்டது.

இயக்குநர் ரயிலைப் பின்னால் தள்ளச் சொன்னார். மூன்றாம் முறை எஞ்சின் டிரைவர் வேண்டுமென்றே நிலையத்தைத் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்தினான். “முன்னால போ, பின்னால போன்னு இது என்ன, நடனமா? இருபது வருஷமா முன்னால மட்டும் ஓட்டறவன் நான்,” என்று சன்னல் வழியாகக் கத்திவிட்டு, ஒரு வெள்ளரி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனைச் சமாதானப்படுத்த கதாநாயகியே போக வேண்டியிருந்தது.

நான்காம் முறைதான் எல்லாம் சரியாக நடந்தது. நீராவி மேடையை மூடி விலகியது. எவ்லாம்ப்பியா அஞ்சல் ரயில் பெட்டியிலிருந்து இறங்கி வந்து பையைத் திறந்தாள். கை போகிற போக்கில் எடுத்து, எதிரில் நிற்பவர்களுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்பது உத்தரவு. எவ்லாம்ப்பியா முதல் முக்கோணத்தை எடுத்தாள். ஒத்திகையில் எடுத்தது செய்தித்தாள். இதில் பெயர் இருந்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“பஹோமொவா, உஸ்தீனியா.”

மூன்றாம் ஆளாக நின்ற உஸ்தீனியா தன்னையறியாமல் கை நீட்டினாள். அவளுடைய அண்ணன் நாற்பத்திரண்டில் எழுதியது, அவளே நேற்றுப் பெட்டியில் போட்டது. இருந்தும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“ஷுபினா, மத்ரியோனா.”

“இங்க.”

“கொலிவானொவா, பெலகேயா.” யாரும் பதில் சொல்லவில்லை. பெலகேயா போன வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள்தான் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். எவ்லாம்ப்பியா ஒரு நிமிஷம் யோசித்தாள். “பெறுபவர் இல்லை,” என்று சொல்லிப் பையின் பின் அறையில் வைத்தாள்.

மேடையில் விதை கொறிக்கும் சத்தம் நின்றுபோனது. நூற்றிருபது பேர் அசையாமல் நின்றார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், பேசாமல் கீழே இறக்கிவிட்டார். காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

எவ்லாம்ப்பியா அடுத்ததை எடுத்தாள். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தாள். பிறகு முதல் வரிசையில் நின்ற அக்ரஃபேனாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கள் ஊரில் யாரும் தபால்காரியிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

“குடுத்துட்டேன்னு சொன்னியே, லூகினிச்னா.”

அக்ரஃபேனா மகனின் பதக்கத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“ஏப்ரல் மாசம். அவ ராத்திரி ஷிப்ட் முடிச்சுத் தூங்கறா, எழுப்பாத, நான் குடுத்துடறேன்னு கைய நீட்டி வாங்கின. மறுநாள் கேட்டேன். குடுத்தாச்சுன்ன. பதினஞ்சு வருஷமா உனக்கு வணக்கம் சொல்லிட்டிருக்கேன்.”

பிறகு, கூப்பிட்டுப் பதினான்கு வருஷம் ஆன பெயரை, கன்னிப் பெயரை, மேடை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்:

“ருசக்கோவா, தய்சியா.”

தய்சியாவுக்கு அது தன் பெயர் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் இயக்குநருக்கு உயிர் வந்துவிட்டது.

“நிறுத்துங்க. அவங்களுக்குக் கடிதம் கிடையாது. எத்தன தடவ சொல்றது? இவங்க ரெண்டு பேருக்கும் யாரும் எழுதல.”

“எழுதியிருக்காங்க,” என்றாள் எவ்லாம்ப்பியா.

“கதைப்படி எழுதல.”

“உங்க கதை எனக்குத் தெரியாது, தோழர். இதுல பேர் போட்டிருக்கு.” அவள் உப்பில் பூட்ஸ் நொறுநொறுக்க நடந்து வந்து தய்சியாவின் கையில் அதை வைத்து, வழக்கமாகச் செய்வதுபோலத் தொப்பியைத் தொட்டாள். “தாமதத்துக்கு மன்னிக்கணும், குடிமகளே.”

எங்கள் ஊரில் போர்க்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முக்கோணம் வந்தால் முற்றத்தில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். ஒரு வீட்டுப் பிள்ளை உயிரோடு இருப்பதை எல்லா வீடும் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஒளித்துப் படித்தால் சந்தேகப்படுவார்கள். அந்த வழக்கம் யாருக்கும் மறந்திருக்கவில்லை.

“படி,” என்றாள் உஸ்தீனியா.

“சத்தமா படிடி. அந்தப் பிள்ள உன்னப் பத்தி என்ன நெனச்சான்னு ஊரு கேக்கட்டும்,” என்றாள் மத்ரியோனா. அவள் வாயில் தேன் வடியவில்லை.

தய்சியா பிரித்தாள். காகிதம் மடிப்பில் கிழியப் பார்த்தது. பென்சில் எழுத்து, ஸவேலியுடையதுதான், ஒவ்வொரு வரியும் முடிவில் மலையேறும் எழுத்து. அவள் மனதுக்குள் படித்தாள்:

‘தய்சியா, நான் நலம். இடது கை மட்டும் சரியாக மடங்கவில்லை. நீ எனக்காகக் காத்திருக்க வேண்டாம். இங்கே மருத்துவமனையில் ஸினயீதா என்று ஒருத்தி இருக்கிறாள். போன வாரம் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டோம். அம்மாவுக்கு எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, அவளிடம் பயப்படாத ஆள் நீ ஒருத்திதான். நீ பின்னி அனுப்பிய கையுறை மிகவும் நன்றாக இருக்கிறது. ஸினயீதா போட்டுக்கொள்கிறாள், அவளுக்கு அளவு சரியாக இருக்கிறது. ஸவேலி.’

இரண்டாம் முறையும் படித்தாள். ஏப்ரல் என்று தேதி போட்டிருந்தது. அந்த ஆகஸ்டிலிருந்து அடுத்த வருஷம் நவம்பர் வரை கட்டிய கறுப்புத் தலைத்துணி நினைவுக்கு வந்தது. மணி இரண்டிரண்டாக அடித்தது, ரொட்டி வரிசை, காலடியில் விழுந்த எச்சில், எல்லாம் வந்தன. அழுகை மட்டும் வரவில்லை.

“கையுறை,” என்றாள் வாய்விட்டு.

“என்ன?” என்றாள் உஸ்தீனியா.

தய்சியா நிமிர்ந்தாள். எதிரே அக்ரஃபேனா. பதக்கம் குத்திய நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கிழவியின் முகம் சுண்ணாம்புத் தூள் போல இருந்தது. ஊரே கேட்க ஒரு தடவை படித்தால் போதும். பதினான்கு வருஷக் கணக்கு அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். படைநாள் கூட்டம், மடியில் புகைப்படம், எல்லாம் அன்றோடு முடிந்துவிடும். அக்ரஃபேனாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வேண்டாம் என்று சொன்னாளா, நாசமாய்ப் போ என்று சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது.

தய்சியா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே முக்கோணமாக மடித்தாள். கோட்டுப் பொத்தானைக் கழற்றி, உள்ளே, சட்டைக்குள் வைத்தாள். பொத்தானைப் போட்டாள். இரண்டடி முன்னால் வந்து கிழவியின் காதுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“இனிமே இது என் சவப்பெட்டிக்குள்ள போகும்.”

அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் என்ன இருந்திருக்கும், கையுறைக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று ரொட்டி வரிசையில் இரண்டு வருஷம் விவாதித்தார்கள். அது ராணுவ ரகசியம் என்று கடைசியில் முடிவானது. ராணுவ ரகசியத்தைச் சட்டைக்குள் வைத்திருப்பவளைப் பார்த்து எதற்கு வம்பு என்று அவளுக்கு வரிசையில் இடம் விடத் தொடங்கினார்கள்.

இயக்குநர் அந்த முகத்தை இன்னொரு முறை செய்யச் சொல்லிக் கெஞ்சினார். “ஒரே தடவதான் தபால் வரும், தோழர்,” என்று சொல்லிவிட்டுத் தய்சியா கம்பளி பூட்ஸோடு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அக்ரஃபேனா பல்பு போடாமல் உட்கார்ந்திருந்தாள். தய்சியா வந்து தன் பல்பைப் போட்டாள். கிழவி கண்ணை மூடவில்லை.

“படிச்சிட்ட,” என்றாள் அக்ரஃபேனா. கெட்டிலிடம் இல்லை.

“படிச்சேன்.”

“அத எம்புள்ள எழுதல. காய்ச்சல் எழுதினது.”

“காய்ச்சலுக்கு அவன் கையெழுத்து நல்லா வருது.”

“அவ யாரோ மயக்கிட்டா அவனை. நீ இங்க குத்துக்கல்லாட்டம் இருந்தப்ப.”

“நான் அங்க எப்படி இருக்க முடியும், அக்ரஃபேனா லூகினிச்னா? இங்க உங்க கெட்டிலுக்குப் பதில் சொல்லிட்டிருந்தேன்.”

கிழவி கொஞ்ச நேரம் மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “எல்லார்கிட்டயும் எப்பச் சொல்லப் போற?”

“நீங்க போன அன்னிக்கு. சவப்பெட்டி பக்கத்துல நின்னு, வழக்கப்படி, சத்தமா படிக்கப் போறேன்.”

“அப்ப நான் சாக மாட்டேன்.”

“சாகாதீங்க. யாரு சாகச் சொன்னா?”

சொன்ன சொல்லை அக்ரஃபேனா காப்பாற்றினாள். அதற்குப் பிறகு மூன்று டாக்டர்கள் அவளைக் கைவிட்டார்கள். மூன்று பேரையும் அடக்கம் செய்து, அவர்களுடைய இழவுச் சாப்பாட்டில் அப்பமும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அடுத்த பிப்ரவரிக் கூட்டத்தில் மகனைப் பற்றிப் பேசினாள். மணப்பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தபோது தொண்டை கட்டிவிட்டது என்று தண்ணீர் கேட்டாள். அன்று சாயங்காலம் மணி அடிக்கவில்லை.

படம் ஊருக்கு வந்தபோது எல்லோரும் போனார்கள். எங்கள் காட்சியை முழுக்க வெட்டிவிட்டிருந்தார்கள். மேடையின் ஓரத்தில் ஒரு வால் மட்டும் ஒரு வினாடி ஆடிவிட்டுப் போனது. அது உப்பு நக்க வந்த ஒடிந்த கொம்பு மாட்டின் வால் என்று ஊர் அடையாளம் கண்டுகொண்டது.

அந்த டிசம்பரில் ஒரு காலை தய்சியா வேலைக்குக் கிளம்பும்போது சமையலறையில் அவளுடைய மேஜையில் சாம்பல் நிறக் கம்பளியில் பின்னிய ஒரு ஜோடிக் கையுறை இருந்தது. ஐந்து விரல் வைத்துப் பின்னியது, நெருக்கமான பின்னல், ஒரு கண்ணிகூடத் தவறவில்லை. எடுத்து மாட்டிப் பார்த்தாள். இரண்டுமே இடது கைக்குப் பின்னியது.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

“கெட்டில்,” என்றாள் தய்சியா, “அளவு சரியா இருக்குன்னு சொல்லிடு.”

இரண்டையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க, ஊர் பார்க்க, அப்படித்தான் போனாள்.

லாப்தெவோவுக்கு ரயில் பாதை கிடையாது. மிக அருகில் இருக்கும் தண்டவாளம் எழுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது.